ஊகச்சொல்லுக்கு ஒரு திருநாள்

பண்டிகைகள் இருவகைப்படும். முன்னோர் வகுத்து நமக்கு விட்டுச்சென்றவை ஒருவகை. எவரோ ஒருவர் ஓய்ந்திருந்த வேளையில் விளையாட்டாய்த் தோற்றுவிக்க, உலகம் நகைத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டவை மற்றொரு வகை. முன்னவற்றைப் பற்றி எழுத நம்மினும் தக்கார் பலர் உளர். பின்னவற்றைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

மார்ச்சு மாதம் 14-ஆம் நாளைப் ‘பை’ நாளெனக் கொண்டாடும் வழக்கத்தை நம் கணித மாணவர் அறிவர். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 3.14 எனத் தொடங்குகின்றது. அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னுமாக எழுதுவர். ஆகவே அந்நாள் அவ்வெண்ணாகவே அமைந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரத்து எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்னும் அறிவியற் காட்சிச்சாலையில் பணிபுரிந்த லாரி ஷா என்பார் 1988-இல் இதனைத் தொடங்கிவைத்தார். வட்டமான பழப்பணியாரத்தை உண்பதே அதன் முதன்மையான சடங்கு. கைப்பேசியிற் காணும் முகக்குறிகளுக்கு ஜெரமி பர்ஜ் என்பவர் 2014-இல் ஒரு நாள் குறித்தார். அது ஜூலை 17. நாட்காட்டியைக் குறிக்கும் சிறு படத்தில் ஆப்பிள் நிறுவனத்தார் அத்தேதியை எழுதியிருந்தனர் என்பதையன்றி அதற்கு வேறு காரணம் இல்லை. இவ்வளவு எளிய காரணத்தால் ஒரு திருநாள் தோன்றுமாயின், நாள்தோறும் நம் விரலுக்கு முன்னே ஓடி, நாம் சொல்லவிருப்பதை நமக்கே சொல்லிக்கொடுக்கும் ஊகச்சொல்லுக்கும் ஒரு திருநாள் வேண்டுமென்று நாம் வாதிடுதலில் பிழை ஒன்றுமிராது.

ஊகச்சொல் என்று நாம் குறிப்பது யாதென இளைஞருக்கு விளக்க வேண்டுவதில்லை. கைப்பேசியில் இரண்டெழுத்துத் தட்டிய அளவில் விசைப்பலகையின் தலைமேல் மூன்று சொற்கள் வரிசையாய் வந்து நின்று, ‘என்னை எடுத்துக்கொள், என்னை எடுத்துக்கொள்’ என்று இரக்கின்றனவே, அவைதாம். பழைய மாணவருள் மூத்தோர்க்கு மட்டும் அவற்றின் பிறப்பைச் சிறிது சொல்லிச் செல்வோம்.

உலகின் முதற் குறுஞ்செய்தி 1992-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பெற்றது. நீல் பாப்வொர்த் என்னும் இளம் பொறியாளர் வோடபோன் நிறுவனத்து ரிச்சர்டு ஜார்விசுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அந்நாளே நம் திருநாளாகலாமே எனச் சிலர் கூறக்கூடும். ஒவ்வோம். பாப்வொர்த் அவ்வாழ்த்தைத் தட்டியது கணினியின் முழு விசைப்பலகையில். அவருக்கு எவ்வகை ஊகமும் வேண்டியிருக்கவில்லை. இடர்ப்பாடு அதற்குப் பின்னரே தோன்றியது. கைப்பேசியில் எண்களுக்கென அமைந்த விசைகளே இருந்தன. 26 ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 9 வரையுள்ள எட்டு விசைகளில் மும்மூன்றாகவும் நந்நான்காகவும் குடியேற்றப்பட்டன. வீட்டைக் குறிக்கும் ‘ஹோம்’ என்னும் நான்கெழுத்துச் சொல்லைத் தட்ட எட்டு முறை அழுத்த வேண்டும். அதன் நடுவெழுத்துகள் இரண்டும் ஒரே விசையில் இருத்தலால், ஒன்றை முடித்துச் சற்றுக் காத்திருந்தே அடுத்ததை அழுத்த வேண்டும். ஒரு மாணவன் வீட்டுக்கு நான்கு வரி எழுதி முடிப்பதற்குள் விடுதி மணி அடித்துவிடும்.

இவ்விடரை நீக்கியது டி9 என்னும் முறை. அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரத்து டெஜிக் நிறுவனத்தில் மார்ட்டின் கிங், கிளிஃப் குஷ்லர் முதலியோர் இதனை ஆக்கினர். எழுத்துக்கு ஒரு முறை அழுத்தினால் போதும். அவ்விசைகளால் ஆகக்கூடிய சொற்களைத் தன் அகராதியில் தேடி, மிகுதியாய் வழங்குவதை முதலில் வைக்கும். ‘ஹோம்’ என்பதற்கு 4, 6, 6, 3 என நான்கே அழுத்தம். ஆனால் அதே நான்கு விசைகள் ‘குட்’ என்னும் நல்லதையும், ‘கான்’ என்னும் போயிற்று என்பதையும் தரும். வீடும் நன்மையும் போனதும் ஒரே நான்கெண்ணில் அடங்கியதைத் தத்துவ வகுப்பினர் விரித்துரைக்கட்டும். 7, 3, 5, 3, 2, 8 என்னும் ஆறு விசைகள் ‘செலக்ட்’ என்பதற்கும் உரியவை, ‘ரிஜெக்ட்’ என்பதற்கும் உரியவை. தேர்ந்தோம் என்பதும் தள்ளினோம் என்பதும் ஒரே தட்டல்! நேர்முகத் தேர்வுக்குச் சென்று செய்திக்குக் காத்திருந்தவர்கள் இதனை அறியாதிருந்தது நன்றே. உதடுகளும் முத்தமும் ஒரே நான்கு விசைகளில் இருப்பதைப் பற்றிக் கல்லூரி மலரில் விரித்தெழுதுதல் முறையன்று என விடுக்கின்றோம்.

இதில் வியப்பொன்றுண்டு. ஆங்கிலத்தில் நேர்த்தியைக் குறிக்க இளைஞர் ‘கூல்’ என்பர். அதனைத் தட்டினால் புத்தகத்தைக் குறிக்கும் ‘புக்’ என்பதே முன்னே வந்து நின்றது. இங்கிலாந்தின் இளைஞர் சிலர் அதைத் திருத்தச் சோம்பி, நேர்த்தியானவற்றையெல்லாம் ‘புக்’ என்றே வாயாலும் சொல்லத் தலைப்பட்டனர். ஏவலனது பிழையை எசமானன் வழக்காக ஏற்றுக்கொண்டான். நம் நூலகத்தார்க்கு இச்செய்தி உவகை தரும்.

நிற்க. திருநாளுக்குத் தேதி வேண்டுமல்லவா? கைப்பேசிக்கு மிக முந்திய ஒரு நாளையே நாம் பரிந்துரைக்கின்றோம். ருஷிய நாட்டுக் கணித அறிஞர் ஆந்திரேய் மார்க்கோவ், புஷ்கின் இயற்றிய ‘எவ்கெனி ஒனேகின்’ என்னும் செய்யுட் புதினத்தின் முதல் 20,000 எழுத்துகளைத் தம் கையாலேயே எண்ணினார். உயிரெழுத்து 8,638, மெய்யெழுத்து 11,362. அவர் அவ்வளவோடு நின்றாரல்லர். உயிரின் பின் உயிர் எத்தனை முறை வருகின்றது, மெய்யின் பின் உயிர் எத்தனை முறை வருகின்றது என்பவற்றையும் கணக்கிட்டார். முன்னெழுத்தை அறிந்தால் பின்னெழுத்தின் வாய்ப்பு மாறுகின்றது என்பதை எண்ணால் நிறுவினார். இன்று கைப்பேசியில் வந்து நிற்கும் மூன்று சொற்களுக்கும் கொள்ளுப்பாட்டன் அக்கணக்கே. அதனை அவர் புனித பீட்டர்ஸ்பர்க் நகரத்து அறிவியற் கழகத்தில் 1913-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் எடுத்துரைத்தார்.

ஆயினும் ருஷியர் அக்காலத்தில் பழைய பஞ்சாங்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். நம் பஞ்சாங்கப்படி அது பிப்ரவரி 5. ஊகச்சொல்லின் திருநாளுக்கே இரண்டு விடைகள் வந்து நின்று, ஒன்றைத் தேர்ந்துகொள் என்பது எத்துணைப் பொருத்தம்! மாதிரித் தேர்வுக்கு அஞ்சுவோர் ஜனவரியை விரும்புவர். பொங்கலுக்கு ஊர் சென்று திரும்ப மனமின்றித் தாமதிப்போர் பிப்ரவரியை விரும்புவர். எதுவாயினும் நமக்கு உடன்பாடே.

இனி, விளையாட்டைச் சற்று ஒதுக்கி, இந்த ஏவலனை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதை ஆராய்வோம். அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன் 1951-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஓர் எளிய சோதனை உண்டு. ஒருவர் முன்பு கண்டிராத ஆங்கிலப் பகுதியொன்றை எடுத்து, அடுத்த எழுத்து யாதென அவரையே ஊகிக்கச் செய்தார். இடைவெளியையும் ஓரெழுத்தாகக் கொண்டு 129 எழுத்துகளில் 89-ஐ அவர் பிழையின்றி ஊகித்தார். நூற்றுக்கு அறுபத்தொன்பது! நாம் எழுதுவதில் பெரும்பகுதி பிறர் ஊகித்துவிடக்கூடியதே என்பது எழுத்தாளராயினார்க்கு நாணம் தரத்தக்க செய்தி. ஆனால் அதனினும் அரியது அவர் கண்ட மற்றொன்று. ஊகம் பெரும்பாலும் எங்கே தவறிற்று? சொற்களின் தொடக்கத்திலும் அசைகளின் தொடக்கத்திலும். சொல் தொடங்கிய பின் அதனை முடித்தல் எளிது. என்ன சொல் தொடங்கப்போகின்றது என்பதே அறிதற்கரியது. எண்ணம் கிளைத்தெழும் இடம் அதுவே. தொடக்கம் எழுதுவோனுடையது, முடிவை ஏவலனிடம் விடலாம் என்று நாம் இதற்குப் பொருள் கொள்கின்றோம். இக்கட்டுரையின் வழக்கு முழுவதும் இவ்வொரு வரியில் அடங்கும்.

முடித்துக்கொடுக்கும் தொண்டு சிறிதெனக் கருதற்க. டி9 முறையை ஆக்கினோர் முதலில் எண்ணியது விடுதி மாணவரையன்று. உடல் இயக்கம் இழந்து கண்ணசைவொன்றே எஞ்சியோர் அக்கண்ணாலேயே எழுதுதற்கு வழி தேடியபோதுதான் சில குறிகளைக் கொண்டு பல எழுத்துகளை அறியும் கருத்து உருப்பெற்றது. வானியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் செய்தியும் இத்தகையதே. கன்னத் தசையின் சிறு துடிப்பை அவர் மூக்குக்கண்ணாடியிற் பொருத்திய கருவி உணர, அத்துடிப்பால் எழுத்தைத் தேர்ந்தே அவர் பேசினார். நோய் முதிர்ந்து, 2011-ஐ ஒட்டிய காலத்தில், நிமிடத்துக்கு ஓரிரு சொற்களே அவரால் இயன்றன. 2014-இல் இன்டெல் நிறுவனத்தார் ஸ்விஃப்ட்கீ என்னும் ஊகமுறையை அவர் கருவியில் இணைத்தனர். அவருடைய நூல்களிலிருந்தும் சொற்பொழிவுகளிலிருந்தும் அது கற்றுக்கொண்டது. கருந்துளையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதற்சொல்லை அவர் தேர்ந்தவுடன் கருமையைக் குறிக்கும் சொல் வந்து நிற்கும். அதைத் தேர்ந்தவுடன் துளை வந்து நிற்கும். 2018-இல் அவர் மறையும் வரை ஊகம் அவருக்குத் துணை நின்றது. ஒரு சொல்லுக்காக அரை நிமிடம் உழைக்க வேண்டிய ஒருவர்க்கு இது என்னவாக இருந்திருக்கும் என்பதை, சோம்பலால் இதனைப் பயன்படுத்தும் நாம் எளிதில் உணரமாட்டோம். திருநாள் வேண்டுமென்பதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லையாயினும் இது போதும்.

தமிழுக்கு வருவோம். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் ஆக்கிய ‘செல்லினம்’ 2005-இல் வெளிவந்து, கைப்பேசியில் தமிழெழுத வழி திறந்தது. இன்று பல விசைப்பலகைகள் தமிழ்ச் சொற்களை முன்னறிந்து தருகின்றன. எனினும் தமிழ் இவ்வேவலனுக்கு எளிதில் வசப்படும் மொழியன்று. ஆங்கிலத்தில் ‘கோ’ என்னும் வினைக்கு வடிவம் ஐந்து. நம் ‘போ’ என்பதோ போனான், போகிறாள், போய்விட்டார்களாம், போயிருக்கக்கூடுமென்றாலும் என்று ஆலமரமாய் விழுதிறக்கும். அகராதியில் அடுக்கிவைத்த சொற்கொத்து இங்கே செல்லாது.

தமிழை ஆங்கில எழுத்தால் தட்டும் வழக்கமுடையார்க்கு வேறொரு வேடிக்கை காத்திருக்கின்றது. குறில் நெடிலையும், லகர ளகரங்களையும் அவ்வெழுத்துகள் தெளிவாய்ப் பிரித்துக் காட்டா. ஆகவே ஒரே தட்டலுக்குக் கலை, களை, காலை, காளை நான்கும் வந்து நிற்றல் கூடும். ‘நாளைக் காலை வருவேன்’ என்று தட்டிய அன்பர் ‘நாளைக் காளை வருவேன்’ என அனுப்பிவிட, அந்த வீட்டார் வைக்கோல் தேடும் நிலை நேரலாம். பலம், பழம், பாலம், பள்ளம் என்பனவும் அவ்வாறே. எழுத்துப்பிழையை இயந்திரம் போக்கிவிடும், இனி இலக்கணம் எதற்கு என்போர்க்கு நம் விடை இதுவே: நான்கையும் அது முன்னே வைக்கும், எது பழம், எது பள்ளம் என்பதை அறிந்தவனே எடுக்க வல்லான். அறியாதவன் முதலாவதை எடுப்பான்.

முதலாவதை எடுத்தலால் கற்றோரும் மோசம்போனதுண்டு. ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ முதலிய பேரவைகளின் ஆவணங்களில், நாடுகளுக்கிடையே ‘ஒத்துழைப்பு’ என்றிருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ‘கூப்பர்டினோ’ என்று அச்சாகியிருந்தது. அது கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஊரின் பெயர். ஒத்துழைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இடைக்கோடிட்ட வடிவிலன்றி அறியாத பழைய பிழைதிருத்தி, கோடின்றி எழுதியதைப் பிழையெனக் கொண்டு ஊரின் பெயரை நீட்டியது, எழுத்தர் தலையசைத்தார். ஆங்கில வசைச்சொல் ஒன்றை ஐபோன் ஆண்டுக்கணக்கில் வாத்தாக மாற்றித் தந்த கதையையும் பலர் அறிவர். அத்திருத்தத்தைத் தளர்த்துவதாக ஆப்பிள் நிறுவனத்தார் 2023-இல் அறிவித்தனர். வாத்தே நன்றாக இருந்தது என்பது நம் கருத்து.

இவையெல்லாம் சிரித்து விடத்தக்கவை. சிரித்து விடத்தகாதது ஒன்று உண்டு. பழைய ஊகம் நாம் சொல்லைத் தொடங்கும்வரை காத்திருந்தது. இன்றைய ஊகம் காத்திருப்பதில்லை; ஓரெழுத்தும் தட்டாமுன்பே அடுத்த சொல்லை ஏந்தி நிற்கின்றது. சிலபோது விடை முழுவதையும் ஏந்தி நிற்கின்றது. கூகுள் நிறுவனத்தார் 2015-இல் மின்னஞ்சலுக்குத் தானே மறுமொழி ஊகிக்கும் முறையை அறிமுகம் செய்தபோது, சோதனையில் நேர்ந்ததைத் தாமே வெளியிட்டனர். எக்கடிதத்துக்கும் அவ்வியந்திரம் ‘உன்னை நேசிக்கின்றேன்’ என்று விடை கூற முற்பட்டதாம்! அலுவலகக் கடிதத்துக்கும் அதுவே விடை. இயந்திரத்துக்கு நெஞ்சிரக்கம் மிகுந்துவிடவில்லை. மக்கள் மிகுதியாய் எழுதும் தொடர் அது, எங்கும் பெரும் பிழையின்றிப் பொருந்துவது அது. அவ்வளவே. பலர் பலமுறை சொன்னதையே இயந்திரம் அறியும். ஒருவர் ஒருமுறையே சொல்லத்தக்கதை அது எங்ஙனம் அறியும்?

ஒரு நண்பனின் தந்தை இறந்துவிட்டார் என்று கொள்வோம். ‘ஆழ்’ என்று தட்டுகின்றோம். ‘ஆழ்ந்த’ வந்து நிற்கின்றது. அடுத்து ‘இரங்கல்’. மூன்று தட்டலில் துக்கம் முடிந்தது. அவ்விரவு அந்நண்பன் கைப்பேசியைத் திறந்து பார்க்கின்றான். நாற்பது பேர் நாற்பது முறை ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றிருக்கின்றனர். எவர் அனுப்பியது எது எனப் பெயரை மறைத்தால் அவனால் சொல்ல இயலாது. நாற்பத்தொன்றாவதாக ஒருவன், ‘பள்ளிக்குப் போகும் வழியில் என் சைக்கிளுக்கு உன் அப்பா காற்றடித்துக் கொடுத்து, சங்கிலிக்கு எண்ணெயும் விட்டது நினைவிருக்கிறது’ என்று எழுதியிருக்கின்றான். அதில் இரங்கல் என்ற சொல்லே இல்லை. அந்த எண்ணெயை எந்த ஏவலனும் ஊகித்திருக்க மாட்டான். அவன் அத்தொடரைத் தொடங்கியபின் ‘சைக்கிளுக்கு’ என்பதை வேண்டுமானால் முடித்துக் கொடுத்திருக்கும், அதற்கு நன்றி.

வாய்ப்பாட்டு வாழ்த்துகள் முன்பும் இருந்தனவே எனப் பழைய மாணவர் எழுந்து கேட்பர். கேட்டல் நியாயமே. தந்தி நிலையங்களில் எண்ணிட்ட வாழ்த்துத் தொடர்கள் இருந்தன; திருமணத்துக்கு ஓரெண், பண்டிகைக்கு ஓரெண். எண்ணைக் குறித்துக் கொடுத்தால் வாழ்த்துப் போய்ச் சேரும். 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பெறும் வரை அதனால் எவர்க்கும் மனத்தாங்கல் நேர்ந்ததில்லை. ஆயின் வேற்றுமை இதில் உளது. அது வாய்ப்பாடு என்பதை அனுப்பினோனும் அறிவான், பெற்றோனும் அறிவான். சொல்லுக்குக் காசு என்பதால் அவ்வாறு செய்தனர். அதனால் அந்த எண்ணுக்குப் பின்னிருந்த அன்பில் ஐயம் எழவில்லை. ஊகச்சொல்லோ நம் சொல்லைப் போலவே உடுத்திக்கொண்டு செல்கின்றது. பெறுவோன் அதனை நம் நெஞ்சிலிருந்து வந்ததாக எண்ணுகின்றான்; சின்னாளில் நாமும் அவ்வாறே எண்ணத் தொடங்குகின்றோம். இஃது ஏவலனது குற்றமன்று. அவன் கேட்டதைத் தருகின்றான். நாம் கேளாமலே எடுத்துக்கொள்கின்றோம்.

ஆகவே திருநாளின் முறைகளை இவ்வாறு வகுக்க விழைகின்றோம். பகற்பொழுது முழுவதும் ஏவலனுக்கு உரியதாகுக. அன்று ஒவ்வொருவரும் ‘நான்’ என்று ஒரு சொல்லை மட்டும் தட்டி, பின்னர் நடுவில் நிற்கும் சொல்லையே இருபது முறை அழுத்தி, வந்ததைத் தோழர்க்கு அனுப்புக. ‘நான் இன்று வர முடியாது என்று சொன்னார் என்று நினைக்கிறேன் என்று’ என்றிப்படி, முடிவின்றி என்றுகளின் மேல் என்றுகளாகச் செல்லும் தொடர்களை உணவுக்கூடத்தில் உரக்கப் படித்து, மிகச் சிறந்த உளறலுக்குப் பரிசளிக்கலாம். நடுவராகத் தமிழ்த்துறையினர் அமர்க. கணிதத் துறையினர் மார்க்கோவைப் போல இம்மலரின் பக்கம் ஒன்றில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் எண்ணிப் பார்க்கலாம். கைப்பேசியின்றி எண்ணுதல் வேண்டும் என்பது விதி. பணியாரம் வட்டமாகவோ சதுரமாகவோ இருக்கலாம், நாம் பிடிவாதமுடையோமல்லோம்.

மாலையில் ஒரு மணிநேரம் மட்டும் ஊகத்தை அணைத்துவைப்பது எம் வேண்டுகோள். கைப்பேசியின் அமைப்புகளில் விசைப்பலகை என்னும் தலைப்பின்கீழ் அதற்குரிய இடம் உண்டு. பின்னர் நெடுநாள் எழுதாது விட்ட ஒருவர்க்கு, தாய்க்கோ, பழைய ஆசிரியர்க்கோ, துக்கத்திலிருக்கும் தோழர்க்கோ, ஒரு செய்தியை முதலெழுத்திலிருந்து தாமே தட்டி அனுப்புக. பிழை நேரினும் நேர்க. மறுநாட் காலை ஊகத்தை மீண்டும் திறந்துவிடலாம். ஓயாது உழைக்கும் அவ்வேவலனுக்கு ஒரு மணிநேர விடுமுறை அளித்ததாகவும் ஆயிற்று.